காக்பிட் டிஸ்பிளேயில் வெறும் கோடுகள் மட்டும் வருகிறதா? ஜிபிஎஸ் ரிசீவரை இணைப்பது பற்றி

கேள்வி இதுதான்: படகின் கேபினுக்குள் ஒரு ஜிபிஎஸ் ரிசீவர் இருக்கிறது, அதன் சொந்தத் திரையில் நிலை சரியாகத் தெரிகிறது. காக்பிட்டில் சுக்கானுக்கு முன்னால் புதிதாக ஒரு டிஸ்பிளே வைத்து இரண்டையும் ஒயரால் இணைத்தாயிற்று. டிஸ்பிளே எரிகிறது. ஆனால் அட்சரேகையும் தீர்க்கரேகையும் வர வேண்டிய இடத்தில் கோடுகள்தான் நிற்கின்றன. எங்கே தவறு?

கோடுகள் வந்தால் டிஸ்பிளே பழுது என்று நினைக்க வேண்டாம். தனக்குப் புரிகிற தகவல் எதுவும் வரவில்லை என்றுதான் அது சொல்கிறது. தகவல் மூன்று இடங்களில் சிக்கலாம். ஒயரில் மின்னழுத்தமே சரியான முறையில் வராமல் இருக்கலாம். வந்தும் வேகம் பொருந்தாமல் போகலாம். வேகமும் பொருந்தி, ரிசீவர் அனுப்பும் வாக்கியம் (ஒரு வரித் தகவல்) டிஸ்பிளே எதிர்பார்ப்பதாக இல்லாமல் போகலாம். இதே வரிசையில் சோதியுங்கள். பலரும் முதலில் மெனுவுக்குள் நுழைந்து எல்லா அமைப்புகளையும் மாற்றிவிடுகிறார்கள், பிறகு முன்பு என்ன இருந்தது என்று தெரியாமல் திணறுகிறார்கள். மெனுவைத் தொடுவது கடைசியில்தான்.

அதற்கும் முன்னால், இரண்டு கருவிகளும் எந்த முறையில் பேசுகின்றன என்று கையேட்டில் பாருங்கள். படகுக் கருவிகளில் இரண்டு முறைகள் பரவலாக உள்ளன: என்எம்இஏ 0183, என்எம்இஏ 2000. பெயர் ஒன்றுபோல இருந்தாலும் இரண்டுக்கும் மின்ரீதியாக எந்தத் தொடர்பும் இல்லை. 0183-இல் ஒரு கருவி பேசும், மற்றவை கேட்கும், ஒயர் ஒரு வழிப்பாதை. 2000-இல் எல்லாக் கருவிகளும் ஒரே முதுகெலும்புக் கேபிளில் தொங்கும், எல்லாம் பேசும், எல்லாம் கேட்கும். 0183 ஒயரை 2000 கேபிளோடு நேரடியாக முறுக்கிச் சேர்த்தால் எதுவும் வேலை செய்யாது. நடுவில் ஒரு மாற்றி தேவை. ஆக்டிசென்ஸ் என்ஜிடபிள்யூ-1 போன்றவை அந்த வேலைக்கென்றே இருப்பவை. ரேமரைன் நிறுவனத்தின் சீடாக் என்ஜி மட்டும் விதிவிலக்கு: பிளக்கின் வடிவம்தான் வேறு, உள்ளே ஓடுவது என்எம்இஏ 2000-தான், எனவே ஒரு அடாப்டர் கேபிள் போதும். அதே நிறுவனத்தின் பழைய சீடாக் முற்றிலும் வேறு, அதில் தகவலுக்கு ஒரே ஒயர்.

0183: ஒயர் இணைப்பு

பழைய ரிசீவர் என்றால் பெரும்பாலும் இதுதான், சிக்கல்களில் பெரும்பகுதியும் இங்கேதான். 0183-இன் 2.0 பதிப்புக்கு முன்பு வந்த கருவிகள் ஒற்றை ஒயரில் தகவல் அனுப்பின, நெகட்டிவ்தான் அதன் திரும்பு வழி. 2.0 முதல் ஆர்எஸ்-422 முறை வந்தது: ஏ, பி என்று இரண்டு ஒயர்கள், அவற்றுக்கு இடையிலான மின்னழுத்த வேறுபாடுதான் தகவல். இரண்டு வகைக் கருவிகளும் இன்றும் படகுகளில் கலந்தே இருப்பதால் நான்கு சேர்க்கைகள் சாத்தியம்.

இரண்டு பக்கமும் ஏ, பி உண்டு என்றால் பேசும் கருவியின் ஏ, கேட்கும் கருவியின் ஏ-க்கு, பி, பி-க்கு. இரண்டும் ஒற்றை ஒயர் என்றால் ரிசீவரின் அனுப்பும் ஒயர் டிஸ்பிளேயின் பெறும் ஒயருக்கு, நெகட்டிவ் நெகட்டிவுக்கு. ரிசீவர் ஒற்றை ஒயர், டிஸ்பிளேயில் ஏ, பி இரண்டும் உண்டு என்றால் அனுப்பும் ஒயரை டிஸ்பிளேயின் ஏ-க்கும், ரிசீவரின் நெகட்டிவை டிஸ்பிளேயின் பி-க்கும் கொடுங்கள்.

நான்காவது சேர்க்கையில்தான் பலர் தடுமாறுகிறார்கள். ரிசீவரில் ஏ, பி இருக்கிறது, டிஸ்பிளேயில் ஒரே ஒரு பெறும் ஒயர்தான். ஏ-யை அந்த ஒயரில் இணைத்து, இரண்டு கருவிகளின் நெகட்டிவையும் பொதுவாக்குங்கள். மிச்சமிருக்கும் பி-யை எதிலும் இணைக்காமல் நுனியை இன்சுலேட் செய்து விட்டுவிடுங்கள். சும்மா தொங்குகிறதே என்று அதை நெகட்டிவோடு சேர்ப்பவர்கள் நிறைய. அப்படிச் செய்தால் ரிசீவரின் பி அவுட்புட் நேராக ஷார்ட் ஆகிறது. சில கருவிகள் அதைத் தாங்கும், சில சூடாகி நாளடைவில் அவுட்புட்டையே இழந்துவிடும்.

ஒயரின் நிறத்தை நம்பி இணைக்காதீர்கள். ஒரு நிறுவனத்தில் அனுப்பும் ஒயரின் நிறம் இன்னொன்றில் வேறு எதற்காவது இருக்கும், ஒரே நிறுவனத்தின் இரண்டு தலைமுறைக் கருவிகளில்கூட மாறும். அது மட்டுமல்ல, சில கையேடுகள் ஏ, பி என்றும், சில பிளஸ், மைனஸ் என்றும் குறிக்கும். ஏ-க்குப் பிளஸ், பி-க்கு மைனஸ் என்பது வழக்கம், ஆனால் மல்டிமீட்டரில் பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள்.

மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை பி-யிலும் சிவப்பு முனையை ஏ-யிலும் வையுங்கள். 0183 விதிப்படி, தகவல் ஓடாத நேரத்தில் ஏ, பி-யைவிடக் கீழான மின்னழுத்தத்தில் இருக்க வேண்டும். அதாவது மீட்டர் மைனஸில் நிற்கும், நொடிக்கு ஒரு முறை தகவல் ஓடும்போது மேல்நோக்கித் துடிக்கும். பிளஸில் நின்று கீழ்நோக்கித் துடித்தால் ஒயர்களை மாற்றிப் பிடித்திருக்கிறீர்கள். ஒற்றை ஒயர்க் கருவியில் நெகட்டிவுக்கும் அனுப்பும் ஒயருக்கும் இடையே ஏறக்குறைய பூஜ்யம் இருந்து மேல்நோக்கித் துடிக்கும். துடிப்பே இல்லை என்றால் ரிசீவரின் அவுட்புட் அணைக்கப்பட்டிருக்கிறது, அல்லது நீங்கள் பிடித்திருப்பது பெறும் ஒயர். ஏ-யும் பி-யும் இடம் மாறினால் கருவிக்கு எந்தச் சேதமும் இல்லை, எனவே சந்தேகம் வந்தால் மாற்றிப் பார்க்கத் தயங்க வேண்டாம்.

கடைகளில் கிடைக்கும் யூ-பிளாக்ஸ் நியோ-6எம் போன்ற வெற்று மாட்யூலை வைத்து டிஸ்பிளேவுக்குத் தகவல் கொடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. அந்த மாட்யூலின் அவுட்புட் டிடிஎல். ஓய்வில் 3.3 வோல்ட்டில் நிற்கும், தகவல் வரும்போது கீழே இறங்கும், 0183-க்கு நேர் எதிர். நேரடியாக இணைத்தால் எழுத்துகள் குப்பையாகத்தான் வரும். குறைந்த தூரத்துக்கு நடுவில் ஒரு மாக்ஸ்3232 சிப் போதும், அது தலைகீழாக்கியும் தரும். ஆர்எஸ்-422 ஆகவே கொடுக்க விரும்பினால் மாக்ஸ்485 சிப்பை எப்போதும் அனுப்பும் நிலையில் வைத்து, அதாவது டிஇ, ஆர்இ இரண்டு முனைகளையும் 5 வோல்ட்டில் கட்டி, பயன்படுத்தலாம். அப்போது கவனிக்க வேண்டியது: அந்தச் சிப்பில் ஏ என்று குறித்திருப்பதை என்எம்இஏ பி-யிலும், பி என்று குறித்திருப்பதை என்எம்இஏ ஏ-யிலும் இணைக்க வேண்டும். சிப் செய்தவர்களின் பெயரிடலும் படகுக் கருவி செய்தவர்களின் பெயரிடலும் எதிரெதிர்.

கேபின் முதல் காக்பிட் வரை முறுக்கிய இணை ஒயர், மேலே ஷீல்டு உள்ளதாக இருக்கட்டும். ஷீல்டை ரிசீவர் பக்கம் மட்டும் எர்த்தில் இணையுங்கள். இரண்டு பக்கமும் இணைத்தால் ஷீல்டு வழியாகவே மின்னோட்டம் ஓடி இரைச்சலைக் கொண்டுவரும்.

வேகமும் வாக்கியமும்

0183-இன் அடிப்படை வேகம் 4800 பாட் (நொடிக்கு 4800 பிட்), 8 டேட்டா பிட், பாரிட்டி இல்லை, 1 ஸ்டாப் பிட். ஏஐஎஸ் (சுற்றியுள்ள கப்பல்களின் நிலையைக் காட்டும் முறை) கருவிகள் பயன்படுத்தும் அதிவேக வகை 38400. டிஸ்பிளேயின் அந்தப் போர்ட் ஏஐஎஸ்-க்கென்று 38400-இல் வைக்கப்பட்டிருந்தால் சாதாரண ரிசீவர் அனுப்புவது அதற்குப் புரியாது. இரண்டு பக்கமும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர இதில் சூட்சுமம் எதுவும் இல்லை.

ஆனால் 4800-க்கு ஒரு கொள்ளளவு உண்டு, அதை யாரும் கணக்கிடுவதில்லை. ஒரு எழுத்துக்கு 10 பிட் என்பதால் நொடிக்கு 480 எழுத்துகள்தான் போகும். ஒரு வாக்கியம் அதிகபட்சம் 82 எழுத்துகள். ரிசீவர் ஒவ்வொரு நொடியும் ஆர்எம்சி, ஜிஜிஏ, ஜிஎல்எல், விடிஜி, ஜிஎஸ்ஏ என்ற வாக்கியங்கள், இவற்றோடு செயற்கைக்கோள் பட்டியலான ஜிஎஸ்வி-யில் மூன்று வாக்கியங்கள் அனுப்பினால் மொத்தம் 500 எழுத்துகளைத் தாண்டிவிடும். குளோனாஸ், கலிலியோ செயற்கைக்கோள்களையும் பார்க்கிற புது ரிசீவர் என்றால் ஜிஎஸ்வி இன்னும் பெருகும். விளைவு: வாக்கியங்கள் பாதியில் வெட்டுப்படும், அல்லது நிலை சில நொடிகள் தாமதமாக வரும், டிஸ்பிளே இடையிடையே கோடுகளைக் காட்டிவிட்டு மீண்டும் எண்களுக்குத் திரும்பும். இப்படி வந்து வந்து போகிற கோளாறை லூஸ் கனெக்‌ஷன் என்று நினைத்து எல்லா இணைப்பையும் பிரித்துப் போடுவார்கள். மருந்து எளிது: ரிசீவரில் ஜிஎஸ்வி-யை அணையுங்கள், அல்லது ஐந்து நொடிக்கு ஒரு முறை வருமாறு வையுங்கள். காக்பிட் டிஸ்பிளேவுக்கு ஆர்எம்சி-யும் ஜிஜிஏ-வும் போதும். ஆர்எம்சி-யில் நிலை, வேகம், போகும் திசை, நாள், நேரம் எல்லாம் உண்டு. ஜிஜிஏ-வில் எத்தனை கோள்கள், எவ்வளவு தரம் என்பது.

வாக்கியத்தின் முதல் இரண்டு எழுத்துகள் இன்னொரு கண்ணி. பழைய டிஸ்பிளேக்கள் ஜிபி என்று தொடங்கும் வாக்கியங்களை மட்டுமே ஏற்கும். பல வகைக் கோள்களைச் சேர்த்துக் கணக்கிடும் புது ரிசீவர்கள் ஜிஎன் என்று தொடங்குகின்றன. உள்ளடக்கம் ஒன்றேதான், ஆனாலும் பழைய டிஸ்பிளே அதைத் தூக்கி எறிந்துவிடும். நல்ல ரிசீவர்களில் எப்போதும் ஜிபி என்றே அனுப்பச் சொல்லும் அமைப்பு இருக்கும். யூ-பிளாக்ஸ் வகையில் யூ-சென்டர் மென்பொருள் வழியாக மாற்றலாம். மாற்றியதைச் சேமிக்கவும் மறக்க வேண்டாம். உள்ளே ஃபிளாஷ் நினைவகம் இல்லாத மாட்யூல்களில் பேக்கப் பேட்டரி இறங்கியதும் அமைப்புகள் பழையபடி ஆகிவிடும். நன்றாக ஓடிக்கொண்டிருந்த டிஸ்பிளே பல மாதம் நிறுத்தி வைத்த பிறகு ஊமையாவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதையெல்லாம் ஊகிக்க வேண்டியதில்லை, கண்ணாலேயே பார்க்கலாம். ஆர்எஸ்-422 வகை யூஎஸ்பி அடாப்டரை லேப்டாப்பில் செருகி, டிஸ்பிளே பக்கத்து ஒயர் நுனியில் இணைத்து, வரும் எழுத்துகளை அப்படியே காட்டும் ஏதேனும் ஒரு டெர்மினல் மென்பொருளில் 4800-இல் திறந்து பாருங்கள். டாலர் குறியில் தொடங்கி, நட்சத்திரக் குறியும் இரண்டு இலக்கச் சரிபார்ப்பு எண்ணும் கொண்டு முடிகிற வரிகள் தெளிவாக ஓடினால் ரிசீவரும் ஒயரும் சரி, சிக்கல் டிஸ்பிளேயின் அமைப்பில். புரியாத குறியீடுகள் ஓடினால் வேகம் தவறு அல்லது ஏ, பி தலைகீழ். எதுவும் ஓடவில்லை என்றால் ஒயர். வரிகள் தெளிவாக இருந்தும் ஆர்எம்சி-யில் நேரத்துக்கு அடுத்த எழுத்து ஆங்கில 'ஏ'-வாக இல்லாமல் 'வி'-யாக இருந்தால் ரிசீவருக்கே இன்னும் நிலை கிடைக்கவில்லை. அதை வெளியே வானம் பார்க்க வையுங்கள். ஓர் உபரித் தகவல்: விண்டோஸ் கணினி துவங்கும்போது ஜிபிஎஸ் தகவல் ஓடிக்கொண்டிருந்தால், அதைப் பழைய சீரியல் மவுஸ் என்று நினைத்துக்கொள்ளும், கர்சர் திரை முழுவதும் தாறுமாறாக ஓடும். வைரஸ் இல்லை. டிவைஸ் மேனேஜரில் அந்த மவுஸை முடக்குங்கள், அல்லது கணினி துவங்கிய பிறகு அடாப்டரைச் செருகுங்கள்.

டிஸ்பிளேவை நீங்களே மைக்ரோ கன்ட்ரோலர் வைத்துச் செய்கிறீர்கள் என்றால், 0183-இல் வரும் 1305.25 என்பது 13.0525 டிகிரி அல்ல. 13 டிகிரி, 5.25 நிமிடம். டிகிரியாக்கினால் 13.0875. இதைக் கவனிக்காத நிரலில் படகு வரைபடத்தில் பல கிலோமீட்டர் தள்ளி நிற்கும்.

ஒன்றுக்கு மேற்பட்ட கருவிகள்

ஒரு ரிசீவர் மூன்று நான்கு கருவிகளுக்குப் பேசலாம்: காக்பிட் டிஸ்பிளே, டிஎஸ்சி வசதி (பொத்தானை அழுத்தி அபாய அழைப்பு அனுப்புவது) உள்ள விஎச்எஃப் ரேடியோ, ஆட்டோபைலட் எல்லாவற்றுக்கும் ஒரே ஏ, பி-யிலிருந்து கிளை எடுக்கலாம். தலைகீழாகச் செய்ய முடியாது. ஒரு டிஸ்பிளேயின் ஒரே இன்புட்டில் ஜிபிஎஸ் ஒயரையும் காற்றுமானி ஒயரையும் சேர்த்து முறுக்கினால் இரண்டு பேச்சும் மோதி இரண்டுமே கெடும். அதற்கு மல்டிபிளெக்சர் என்ற தனிக் கருவி வேண்டும். எப்படியும் ஒயர் இழுக்கிறீர்கள் என்பதால் விஎச்எஃப் ரேடியோவுக்கும் ஒரு கிளை கொடுத்துவிடுங்கள். ஜிபிஎஸ் இணைக்காத டிஎஸ்சி ரேடியோவில் அபாயப் பொத்தானை அழுத்தினால் அழைப்பு போகும், நீங்கள் இருக்கும் இடம் போகாது.

2000 என்றால்

இங்கே வேலை ஒயரைவிட உறுப்புகளைச் சரியாக வாங்குவதில்தான் இருக்கிறது. ரிசீவரும் டிஸ்பிளேயும் மட்டும் என்றால் மூன்று டி-இணைப்பிகள் (இரண்டு கருவிகளுக்கு, ஒன்று பவருக்கு), இரண்டு டெர்மினேட்டர்கள், ஒரு பவர் கேபிள், இரண்டு கிளைக் கேபிள்கள். கிளை ஒவ்வொன்றும் 6 மீட்டருக்குள் இருக்க வேண்டும். காக்பிட் அதற்கு மேல் தூரம் என்றால் கிளையை நீட்டாமல் முதுகெலும்பையே அந்தப் பக்கம் கொண்டுபோங்கள்.

டெர்மினேட்டர் என்பது 120 ஓம் ரெசிஸ்டர், முதுகெலும்பின் இரண்டு நுனிகளிலும் ஒவ்வொன்று. பவரை அணைத்துவிட்டு வெள்ளை, நீல ஒயர்களுக்கு இடையே ஓம் பாருங்கள். 60 வந்தால் சரி. 120 என்றால் ஒரு டெர்மினேட்டர் குறைகிறது, 40 என்றால் மூன்று இருக்கின்றன. சில கருவிகளுக்குள்ளேயே ஒன்று ஒளிந்திருக்கும். ஒரே டெர்மினேட்டரோடு சின்ன நெட்வொர்க் கரையில் ஒழுங்காக ஓடக்கூடும், கருவிகள் கூடும்போதுதான் தள்ளாடும். எனவே ஓடுகிறதே என்று விட்டுவிடாமல் மீட்டரை வையுங்கள். சிவப்பு, கறுப்பு பவர் ஒயர்கள். கடைசிக் கருவியிலும் 9 வோல்ட்டுக்குக் குறையக்கூடாது.

நெட்வொர்க் சரியாக இருந்தும் டிஸ்பிளேயில் நிலை வரவில்லை என்றால் அதன் தகவல் மூலப் பட்டியலைப் பாருங்கள். நிலை 129025 என்ற எண்ணுள்ள செய்தியாகவும், வேகமும் திசையும் 129026 ஆகவும் வரும். ஏஐஎஸ், பிளாட்டர் (மின்னணு வரைபடக் கருவி), தனி ரிசீவர் என்று மூன்று ஜிபிஎஸ்-கள் ஒரே கேபிளில் இருப்பது சகஜம். டிஸ்பிளே தானாகத் தேர்ந்தெடுப்பது கேபினுக்குள் மோசமான சிக்னலோடு உட்கார்ந்திருக்கும் ஒன்றாக இருக்கலாம். தேர்வைக் கையால் வையுங்கள்.

ஆண்டெனா, பவர், காம்பஸ்

ஆண்டெனாவை மாஸ்ட் (பாய்மரம்) உச்சியில் வைக்கும் ஆசையை விடுங்கள். அதற்கு வேண்டியது திறந்த வானம், உயரமல்ல. 10 மீட்டர் உயரத்தில், படகு இரு பக்கமும் 15 டிகிரி ஆடினால் ஆண்டெனா 5 மீட்டருக்கு மேல் பக்கவாட்டில் அலையும். அந்த அலைச்சலையும் படகின் ஓட்டமாகவே ரிசீவர் கணக்கிடும், வேகமும் திசையும் துள்ளிக்கொண்டே இருக்கும். பின்பக்கக் கைப்பிடிக் கம்பியில் தாழ்வாக வைப்பது மேல். ஃபைபர்கிளாஸ் வழியே சிக்னல் வரும், உலோகமும் கார்பன் ஃபைபரும் தடுக்கும். ரேடார் கற்றையின் பாதையிலும், விஎச்எஃப் ஆண்டெனாவுக்குப் பக்கத்திலும் வைக்காதீர்கள்.

கோள்களின் சிக்னல் பலத்தை ரிசீவரில் பார்க்க முடிந்தால், 40-க்கு மேலான எண்கள் சில இருக்க வேண்டும். எல்லாம் 30-க்குக் கீழே கிடந்தால் படகில் உள்ள எல்இடி விளக்குகள், யூஎஸ்பி சார்ஜர்கள், டிசி மாற்றிகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். எதை அணைத்ததும் எண் ஏறுகிறதோ அதுதான் குற்றவாளி. மலிவான சார்ஜர்கள் இதில் பேர் போனவை.

டிஸ்பிளேவுக்குத் தனி ஃபியூஸ், கையேடு சொல்லும் ஆம்பியரில். எஞ்சின் ஸ்டார்ட் செய்யும் நொடியில் டிஸ்பிளே அணைந்து மீண்டால் பேட்டரி மின்னழுத்தம் சரிகிறது. ஸ்டார்ட்டர் பேட்டரியிலிருந்து பிரித்து படகின் விளக்கு, கருவிகளுக்கான தனிப் பேட்டரியில் கொடுங்கள். இணைப்புகளுக்கு வெள்ளீயம் பூசிய செம்பு ஒயரும், உள்ளே பசையுள்ள ஹீட் ஷ்ரிங்க் கிரிம்ப் இணைப்பிகளும். உப்புக் காற்றில் சாதாரணச் செம்பு ஒயர் இன்சுலேஷனுக்குள்ளேயே கறுத்துவிடும், வெளியே பார்த்தால் புதிதுபோலவே இருக்கும். டிஸ்பிளேவுக்குள் நுழையும் முன் கேபிளைக் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டுக் கொண்டுபோனால் தண்ணீர் பிளக்குக்குள் வடியாது.

காம்பஸ் பக்கத்தில் டிஸ்பிளே பொருத்துகிறவர்கள் கையேட்டில் காம்பஸுக்கான பாதுகாப்புத் தூரத்தைப் பாருங்கள். பவர் ஒயர்கள் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கி ஓட்டுங்கள், அப்போது அவற்றின் காந்தப் புலங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பொருத்திய பிறகு, படகைக் கட்டிய நிலையில் டிஸ்பிளேவை அணைத்து எரியவிட்டுக் காம்பஸ் முள் நகர்கிறதா என்று கவனியுங்கள்.

எல்லாம் வேலை செய்து எண்கள் வந்த பிறகும் இரண்டு விஷயங்கள் கோளாறு போலத் தோன்றும். படகு நிற்கும்போது திசை எண் கண்டபடி சுற்றும். ஜிபிஎஸ் தருவது படகின் முனை பார்க்கும் திசையை அல்ல, நகரும் திசையை. நகராதபோது அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. அதற்கு மின்னணுக் காம்பஸ் தனியாக வேண்டும்.

மற்றது, நிலையும் வேகமும் சரியாக இருந்து நாள் மட்டும் சுமார் இருபது ஆண்டுகள் பின்தங்கிக் காட்டுவது. ஜிபிஎஸ் சிக்னலில் வார எண் 10 பிட்தான், 1024 வாரங்களுக்கு ஒரு முறை பூஜ்யமாகும். 1999 ஆகஸ்ட்டிலும் 2019 ஏப்ரலிலும் அப்படி ஆனது. பழைய ரிசீவரில் உற்பத்தியாளர் புதிய மென்பொருள் தந்திருந்தால் ஏற்றிவிடுங்கள். தராவிட்டால் நிலைக்கு அதையே பயன்படுத்தலாம், ஆனால் அந்த நாளை வைத்து டிஸ்பிளே கணக்கிடும் ஓதம், சூரிய உதய நேரங்களை மட்டும் நம்ப வேண்டாம்.